படி யார் கையில்?

வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல இன்றும் ‘முக்காலே மூணு வீசம் முடிஞ்சது’ என்கிறோம். வீசம் என்பது பதினாறில் ஒரு பங்கு. முக்காலோடு மூன்று வீசத்தைக் கூட்டினால் பதினாறில் பதினைந்து. இன்னும் ஒரே ஒரு வீசந்தான் பாக்கி என்பதை இவ்வளவு நுட்பமாகச் சொல்லும் வழக்கு, அதைக் கணக்காகப் படித்த தலைமுறை மறைந்த பிறகும் பேச்சில் நிற்கிறது. ‘இம்மியும் நகரவில்லை’ என்கிறோம். இம்மியும் ஒரு பின்னம். ‘அவர்தான் நமக்குப் படியளக்கிறவர்’ என்கிறோம். கூலியும் சம்பளமும் நெல்லாக அளந்து கொடுக்கப்பட்ட காலம் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. பழைய தமிழ் அளவைகளைப் பற்றி இரண்டு விதமான பேச்சு உண்டு. முன்னோர் அறிவின் உச்சம் என்று கொண்டாடுவது ஒன்று. ஊருக்கு ஓர் அளவு வைத்துக்கொண்ட குழப்பம் என்று ஒதுக்குவது மற்றொன்று. இரண்டுமே பாதி உண்மைதான். அந்த அளவைகளின் கணக்கு மிகச் சிறந்தது. அந்தக் கணக்கை நெல்லாக மாற்றிய பாத்திரம் யார் கையில் இருந்தது என்பதில்தான் கோளாறு. சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், இந்த மண்ணின் அளவை வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்திருப்பது தெரியும்.

முதலில் கணக்கின் அருமையைப் பார்ப்போம். 5 செவிடு ஓர் ஆழாக்கு. 2 ஆழாக்கு ஓர் உழக்கு. 2 உழக்கு ஓர் உரி. 2 உரி ஒரு நாழி. 8 நாழி ஒரு குறுணி; அதுவே மரக்கால். 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். அடியிலும் நுனியிலும் தவிர மற்ற எல்லாமே இரட்டித்தும் பாதியாக்கியும் போகிற அளவுகள். எழுத்தறியாதவரும் கையால் செய்து பார்க்கக்கூடிய கணக்கு இது. அகலம் மாறாத உருளைப் படியில் எண்ணெயை நிரப்பி மெல்லச் சாய்த்தால், எண்ணெய் ஒருபுறம் விளிம்பையும் மறுபுறம் அடித்தட்டின் ஓரத்தையும் ஒரே நேரத்தில் தொடும் இடத்தில் சரிபாதி எஞ்சி நிற்கும். உழக்கு இல்லாத வீட்டில் உரியைச் சாய்த்து உழக்கு பெறலாம். தானியத்தை ஒரே மாதிரி இரண்டு பாத்திரங்களில் சமமாகப் பங்கிட்டால் பாதி கிடைக்கும். கயிற்றை மடித்தால் பாதி, மறுபடி மடித்தால் கால், இன்னொரு முறை மடித்தால் அரைக்கால். பத்தில் ஒரு பங்கைக் கண்ணாலும் கையாலும் இப்படிப் பெற முடியாது. பட்டறையும் முத்திரையும் எட்டாத ஒரு சிற்றூர் தன் அளவுகளைத் தானே உண்டாக்கிக்கொள்ளவும் சரிபார்க்கவும் பாதியாக்குவதைவிட எளிய வழி இல்லை.

எழுத்துக் கணக்கிலோ இதைவிட நுட்பமான ஒன்று இருக்கிறது. தமிழ்ப் பின்னங்களில் கால், அரைக்கால், வீசம் என்று இரண்டிரண்டாகப் பிளக்கும் வரிசை ஒன்று. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி என்று ஐந்தின் மடங்கும் கலந்த வரிசை இன்னொன்று. நிலம் மாவில் நடந்தது. 20 மா ஒரு வேலி. மற்ற கொடுக்கல் வாங்கலில் வீசம் வந்தது. பதினாறும் இருபதும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காத எண்கள். இந்த இரண்டையும் இணைக்க நம் கணக்கர்கள் கண்ட பாலம் முந்திரி, அதாவது 320-ல் ஒரு பங்கு. ஒரு மாவுக்கு 16 முந்திரி. ஒரு வீசத்துக்கு 20 முந்திரி. ஒரு காணிக்கு 4 முந்திரி. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் மீதியின்றி முடியும். திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று என்று மனப்பாடம் செய்தது இந்த அமைப்பைத்தான். நெல்லிலக்கம் என்றே ஒரு சுவடி தனியாக இருந்தது, நெல்லை அளக்கும் எண்களுக்குத் தனிப் படிப்பு தேவைப்பட்ட சமூகம் இது என்பதற்குச் சான்று. காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்கள் அந்தப் படிப்பின் மேல்வகுப்பு.

இந்தக் கணக்கு எவ்வளவு தூரம் போனது என்பதற்குப் பலரும் காட்டும் எடுத்துக்காட்டு, ராஜராஜன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரும் நிலப் பின்னம். ஒரு வேலியை 52,428,800,000 பங்காக்கி அதில் ஒரு பங்கு வரை நிலம் கணக்கிடப்பட்டது. இதைச் சொல்லி, ஆயிரம் ஆண்டுக்கு முன்பே அவ்வளவு துல்லியமாக நிலத்தை அளந்தார்கள் என்று வியப்பவர்கள் ஒரு கணம் பெருக்கிப் பார்க்க வேண்டும். பிற்கால வழக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். அதை அத்தனை பங்காக்கினால் ஒரு பங்கு சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ பாதி; கடுகைவிடச் சிறிது. அதை எந்தக் கோலும் அளந்திருக்காது. அந்தப் பின்னத்தை 320-ஐ மூன்று முறை பெருக்கி மேலும் 1,600-ஆல் பெருக்கிய எண்ணாகப் பிரிக்கலாம். முந்திரிக்குள் முந்திரி என்று கீழ்வாய்ப் பின்னங்களில் இறங்கிக்கொண்டே போய், மீதி எதையும் விடாமல் கணக்கு முடித்ததால் வந்த எண் அது. கோலின் துல்லியத்தை அது காட்டவில்லை. கணக்கனின் துல்லியத்தைக் காட்டுகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏட்டில் கடுகளவும் பிசகாத ஒரு சமூகத்தில், களத்தில் நெல் எப்படி அளக்கப்பட்டது என்பது வேறு கதை.

களத்துக்கு வருவோம். தூற்றிக் குவித்த நெல்லை மரக்காலில் முகந்து அளப்பவர், முதல் மரக்காலை ‘ஒண்ணு’ என்று சொல்வதில்லை, ‘லாபம்’ என்பார். பிறகுதான் ‘ரெண்டு’, ‘மூணு’. அழகான வழக்கம். ஆனால் கண் வைக்க வேண்டியது அந்த மரக்காலின் வாயில். நெல்லைக் குவித்து அளக்கலாம், தலைதட்டி அளக்கலாம். குவித்தால் விளிம்புக்கு மேலே ஒரு கூம்பு நிற்கும். நெல் சரிந்து நிற்கும் சாய்வு எந்தப் பாத்திரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே கூம்பு எவ்வளவு பெரியது என்பதை வாயின் அகலமே தீர்மானிக்கிறது. வாயின் விட்டம் இரண்டு மடங்கானால் கூம்பு கொள்ளும் நெல் எட்டு மடங்கு. உள்ளே ஒரே அளவு கொள்ளும் இரண்டு மரக்கால்களில் ஒன்று அகலமாகவும் குட்டையாகவும், மற்றொன்று ஒடுக்கமாகவும் உயரமாகவும் இருந்தால், தலைதட்டும்போது இரண்டும் சமம்; குவிக்கும்போது சமமில்லை. மேலும், நெல்லை மெல்லச் சரித்தால் ஓர் அளவு, மேலிருந்து கொட்டினால் அதிகம், குலுக்கினால் இன்னும் அதிகம். வாங்கும்போது ஒரு விதமாகவும் கொடுக்கும்போது வேறு விதமாகவும் அளக்க, பொய்யான பாத்திரமே தேவையில்லை. கை ஒன்று போதும்.

அப்படியானால் முகத்தலளவை என்பதே பிற்போக்கான முறை, நிறுத்தலே அறிவார்ந்தது என்று சொல்லலாமா? சொல்ல முடியாது. மலைபோல் குவிந்த நெல்லை ஒரு பொழுதுக்குள் பங்கிட வேண்டிய களத்தில் தராசும் கல்லும் மரக்காலின் வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஈர நெல் எடையில் கூடும், காய்ந்தால் குறையும்; ஆனால் அதே நெல்லின் கொள்ளளவு அந்த அளவுக்கு மாறுவதில்லை. நெல்லை ஆண்டு முழுவதும் குதிரில் வைத்துச் சிறிது சிறிதாக எடுத்து உண்ட குடும்பத்துக்குப் படிக்கணக்கே நம்பகமானது. நிறுக்க வேண்டியதை நம்மவர்கள் நிறுக்கவும் செய்தார்கள்: 8 பலம் ஒரு சேர், 5 சேர் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்று புளிக்கும் வெல்லத்துக்கும் தனி வாய்பாடு இருந்தது. எதை முகக்க வேண்டும், எதை நிறுக்க வேண்டும் என்ற தெளிவு அவர்களிடம் இருந்தது. முறையில் குறை காண்பதற்கு அதிகம் இல்லை.

ஊருக்கு ஓர் அளவு என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் வேண்டும். சென்னைப் பட்டணத்தில் மரக்கால் என்றால் 8 படி. தஞ்சையிலோ அதே பட்டணம் படியில் 2 படிதான் ஒரு மரக்கால். பெயர் ஒன்று, அளவு நான்கில் ஒன்று. ஆனால் இதை வைத்து, பொது அளவு என்ற எண்ணமே வெளியிலிருந்து வந்தது என்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரைப் படிக்க வேண்டும். அங்கே பொன்னை நிறுத்தது ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால். மணிகளை நிறுத்தது ‘தட்சிணமேரு விடங்கன்’ என்னும் கல்லால். நெல்லை அளந்தது ‘ராஜகேசரி’ என்னும் மரக்காலுக்கு ஒப்பான ‘ஆடவல்லான்’ மரக்காலால். கோயிலை ஒட்டிக் குடியமர்த்தப்பட்ட ஆடல்மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்குப் பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்று விதித்த ஆணையும் எந்த மரக்காலால் என்பதைச் சொல்கிறது. இறைவனின் பெயரை அளவுக்கு வைத்தது பக்தி மட்டுமன்று. எந்த அளவு என்று சொல்லாவிட்டால் 100 கலம் என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை என்பதை ஆணை எழுதியவர் அறிந்திருந்தார். வேறு மரக்கால்களும் நாட்டில் புழங்கின என்பதும், அவற்றால் அளந்து ஏய்க்கலாம் என்பதும் அந்த ஒரு சொல்லிலேயே தெரிகிறது. நிலம் அளக்கும் கோலின் நீளத்தையும் பல கோயில்களில் கல்லில் வெட்டி வைத்தார்கள். சந்தேகம் வந்தால் போய் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவை ஒருவர் கையிலிருந்து எடுத்து ஊருக்குப் பொதுவான கல்லில் வைக்க வேண்டும் என்ற எண்ணம் இங்கேயே பிறந்தது.

ஆனால் அந்தக் கல்லுக்கு அருகே யார் போக முடிந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நம் பெருமையை எழுத முடியாது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1939-ல். அதுவரை நூற்றாண்டுகளாக, நிலத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினருக்குக் கோயிலின் உள்ளே இடமில்லை. கோல் அவர்கள் உழுத நிலத்தை அளந்தது. ஆனால் கோலைச் சரிபார்க்கும் கல், அவர்கள் நுழையக் கூடாத கோயிலின் சுவரில் இருந்தது. ஊரில் கயிறு பிடித்து நிலத்தை அளந்தவர் வெட்டியான். ஏட்டில் எழுதியவர் கணக்குப்பிள்ளை. முந்திரியும் கீழ்முந்திரியும் அறிந்தவர் ஒருவர், வரப்பின் நீளத்தைக் காலால் அறிந்தவர் மற்றொருவர். முதலாமவரின் அறிவு சுவடியாக நமக்குக் கிடைத்திருக்கிறது. இரண்டாமவருடையது அவரோடு போய்விட்டது. களத்தில் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வண்ணானுக்கும் நாவிதனுக்கும் மேரை என்றும் சுதந்திரம் என்றும் பங்கு நெல் உண்டு. அது அவர்களின் உரிமை என்றே பெயர். அந்த உரிமையை அளந்து கொடுத்த மரக்கால் அவர்களுடையது இல்லை.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். தஞ்சைக் காவிரிப் படுகையில் இருபதாம் நூற்றாண்டில் நடந்த விவசாயத் தொழிலாளர் போராட்டங்களின் கோரிக்கைகளைப் பார்த்தால், கூலி என்பது எத்தனை நெல் என்ற கேள்வியாகவும், எந்த அளவில் என்ற கேள்வியாகவும் சேர்ந்தே வருகிறது. கூலியே நெல்லாக இருந்த இடத்தில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. கூலியை உயர்த்திவிட்டு மரக்காலைச் சுருக்கினால் உயர்வே இல்லை. 1952-ல் வந்த தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அந்த மோதலின் விளைவு. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூடுதலாக அரைப்படி நெல் கேட்டதற்குக் கிடைத்த பதில் என்றே மக்கள் நினைவு அதை வைத்திருக்கிறது. அந்தக் கொடுமைக்குச் சங்கம், கொடி, சாதி எனப் பல காரணங்கள் உண்டு. அளவு ஒன்றே காரணம் என்று சொல்வது சரியாகாது. ஆனாலும் அந்தப் போராட்டம் ‘அரைப்படி’ என்ற பெயரில் நிற்பது தற்செயல் இல்லை. தன் உழைப்புக்கு விலை எவ்வளவு என்பதை மரக்கால் பிடித்தவனே முடிவு செய்வான் என்ற நிலையை மறுத்த தலைமுறை அது. 1969-ல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது அவர்கள் கொடுத்த விலையால்.

இடைப்பட்ட காலத்தில்தான் மெட்ரிக் முறை வந்தது. 1956-ல் எடைகள், அளவுகள் சட்டம். 1957 ஏப்ரல் 1 முதல் 16 அணா ரூபாய் 100 நயா பைசாவானது. 1958 அக்டோபரில் கிலோ சில இடங்களில் தொடங்கி, 1962-க்குள் நாடெங்கும் கட்டாயமானது. இதை அந்நியத் திணிப்பு என்றும், ஆயிரம் ஆண்டு அறிவை ஒரே கையெழுத்தில் அழித்த செயல் என்றும் வருந்துவோர் இன்றும் உண்டு. அந்த வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு தலைமுறைக்குள் வாய்பாடு மறந்தது. பாட்டி சொல்லும் ‘உரி’ பேத்திக்குப் புரியாமல் போனது. பாதியாக்கும் முறை கையால் செய்யக்கூடியது, பத்தாக்கும் முறை அப்படியில்லை என்று மேலே சொன்னதும் உண்மைதான். ஆனால் அந்த எளிமையையே திருப்பிப் பார்க்க வேண்டும். எவரும் தன் வீட்டில் அளவு செய்துகொள்ளலாம் என்றால், வலியவனும் தன் வீட்டில் தன் அளவைச் செய்துகொள்ளலாம். நூறு கிராம் கல்லை வீட்டில் உருவாக்க முடியாது. முத்திரையோடு வெளியிலிருந்துதான் அது வர வேண்டும். அந்த அசௌகரியமே எளியவனுக்குப் பாதுகாப்பு. இந்தியாவின் மூலக் கிலோவான 57-ஆம் எண் பிரதி டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோ என்பது எந்த உலோகக் கட்டியையும் சாராமல், இயற்கையின் மாறிலி ஒன்றால் வரையறுக்கப்படுகிறது. யார் கையிலும் இல்லாத அளவு அது. ஆடவல்லான் என்று கல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் தேடியதும் அதையே. மெட்ரிக் நம் மரபை முறித்தது என்பதைவிட, நம் மரபு பாதியில் விட்ட வேலையை முடித்தது என்பதே பொருத்தம்.

முடித்தது என்றால் முழுவதும் முடிந்துவிட்டதா? பூக்கடையில் முழம் என்பது இன்னும் விற்பவரின் கைதான். அது சிறிய கணக்கு, இருவரும் சிரித்துக்கொண்டே தீர்த்துக்கொள்ளலாம். நெல் கொள்முதல் நிலையத்தில் அப்படியில்லை. அங்கே தராசு மின்னணு, எடை கிலோ, எல்லாம் சரி. ஆனால் நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பொதுவாக வாங்க மாட்டார்கள். மழையில் நனைந்த மூட்டையோடு காத்திருக்கும் உழவருக்கு அந்த ஈரமானி காட்டும் எண்ணே இன்றைய மரக்காலின் வாய். எண் எவ்வளவு துல்லியமானாலும், அதைப் படிப்பவர் ஒருவராகவும் அதனால் வாழ்வோ தாழ்வோ அடைபவர் இன்னொருவராகவும் இருக்கும் வரை, ஆயிரம் ஆண்டுக் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஆகவே பழைய படிகளையும் மரக்கால்களையும் அருங்காட்சியகத்தில் வைக்கும்போது, இத்தனை ஆழாக்கு கொள்ளும் என்று மட்டும் எழுதி வைத்தால் போதாது. யார் அளந்தது, யாருக்கு அளந்தது என்பதையும் எழுத வேண்டும். முந்திரிக் கணக்கைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அது பெருமைப்படத் தக்க அறிவு. அதோடு, கடையில் தராசின் முத்திரை எந்த ஆண்டுக்குரியது என்று பார்க்கவும், கொள்முதல் நிலையத்தில் ஈரமானியின் எண்ணைத் தன் கண்ணால் காண வேண்டும் என்று கேட்கவும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கணக்குத் தெரிந்தவர்கள் நம்மிடம் எக்காலத்திலும் இருந்தார்கள். அளவைச் சரிபார்க்கும் உரிமைதான் எல்லோருக்கும் இருந்ததில்லை.